ஒரு படி, தலை தட்டி

ரங்கூன் பசுந்தாங் மார்க்கெட்டில் மாட்டுக்கறிக் கடை வைத்திருந்த அய்யூபுக்குத் தன் மகன் சர்ஃபராஸிடம் ஒரே ஒரு குறைதான். அவன் உட்கார மாட்டான்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், சோற்றுக்குக்கூட அவன் சம்மணம் போட்டதில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சன்னலுக்கும் வாசலுக்கும் நடந்தபடியே தின்று முடிப்பான். எண்பத்தெட்டுக் கலவரத்தில் பள்ளிக்கூடம், காலேஜ் எல்லாவற்றையும் இழுத்து மூடினார்களே, அப்போது அவனுக்குப் பதினெட்டு வயது. மறுபடி திறந்தபோது ஐயா பஸ் வாசலில் கண்டக்டராகத் தொங்கிக்கொண்டிருந்தார். அப்புறம் லத்தா பேட்டையில் ஒரு கருவாட்டு மண்டி. அப்புறம் டீக்கடையில் பங்கு. அப்புறம், மலேசியாவுக்கு ஆள் அனுப்புகிறேன் என்று ஒரு புளுகன் வந்தான், அவன் பின்னால் ஆறு மாதம் நாய் அலைச்சல். எதிலும் கால் பாவவில்லை. நிக்காஹ் செய்து வைத்தால் அடங்கிவிடுவான் என்று ஷப்னத்தைக் கட்டி வைத்தார்கள். அவளும் பார்த்தாள். "உங்களுக்கு உக்கார்ற எடத்துல முள்ளு கிள்ளு இருக்கா?" என்று கேட்டுவிட்டு, குழம்புச் சட்டியோடு அவன் பின்னாலேயே நடக்கப் பழகிக்கொண்டாள்.

கடையில் உட்காரலாமே என்றால், அங்கேதான் அவனுக்கு இருப்பே கொள்ளாது. கத்திக்குப் பயந்தவனில்லை. பதினைந்து வயதிலேயே அய்யூபின் கத்தியை வாங்கிப் பிடித்தால் பெரிய ஆட்கள் தள்ளி நின்று பார்ப்பார்கள். அப்படி ஒரு கை. அவனைக் குடைந்தது வேறு. ரங்கூனில் கத்திக்கு வருகிற மாடெல்லாம் ஏர் இழுத்து, வண்டி இழுத்து, இனி இழுக்க முடியாது என்று ஆனபின் வருகிற மாடு. ஈரலைப் பிளந்தால் புழு தின்ற மாடு என்று தெரியும். தொடையை அறுத்தால் பட்டினி கிடந்த மாடு என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய?

"வாப்பா, நமக்கு மாட்டைக் கடைசி அரைமணி நேரம்தான் தெரியும். அதுக்கு முன்னாடி அது என்ன தின்னுச்சு, எப்படி வளர்ந்துச்சு, ஒண்ணும் தெரியாது. கறிக்குன்னே ஒரு காளையை இளசுலேருந்து ஊட்டி வளர்த்தா எப்படி இருக்கும்?" என்று கேட்பான்.

"ஊட்டி வளர்த்தா உன்னை மாதிரி இருக்கும். பேசாம எலும்பை வெட்டுடா" என்பார் அய்யூப்.

லத்தாவில் அரிசி மொத்த வியாபாரம் செய்துவந்த அமீர் அலிக்கு அதே யோசனை எப்படித்தான் வந்ததோ! தொண்ணூற்றைந்தில் மழைக்காலம் முடிந்த கையோடு, மிங்கலாடோனுக்கு வடக்கே விமானங்கள் தலைக்கு மேல் இறங்குகிற இடத்தில் நிலம் பிடித்து, கொட்டகை போட்டு, காளைகளைக் கொழுக்க வைக்கும் பண்ணை ஒன்றைத் தொடங்கிவிட்டார். சேதி காதில் விழுந்த அன்றே சர்ஃபராஸ் போய் அவர் முன்னால் நின்றான். அமீர் அலி காரியக்காரர். சுற்றி வளைக்கிற பேச்சே கிடையாது.

"அய்யூப் காக்கா மவனா? உன் லட்சணம் ரங்கூனுக்கே தெரியும். சரி, பக்ரீத் வரைக்கும் பாரு. மொதக் கூட்டம் குர்பானிக்கு நல்லபடியா போச்சுன்னா நீ மேனேஜர். போகலேன்னா நீ யாரோ நான் யாரோ."

அன்றைக்கு வீட்டில் ஒரே கூத்து. "மாடு மேய்க்கிறதுக்கு மேனேஜரா! வெளியே சொல்லாதீங்க, சிரிப்பாங்க" என்றாள் ஷப்னம். அய்யூப் சிரிக்கவில்லை. அவருக்கு அறுபது தாண்டிவிட்டது, முழங்கால் பிடித்துக்கொள்கிறது, கடைக்கு ஆள் வேண்டும். "இது எத்தனையாவதுடா?" என்று மட்டும் கேட்டார். சர்ஃபராஸுக்கு முகம் சிவந்துவிட்டது.

"இதுதான் கடைசி வாப்பா. பக்ரீத்துக்குள்ள நான் மேனேஜர் ஆகலேன்னா கடைல வந்து உக்கார்றேன். அதுக்கப்புறம் எந்திரிச்சேன்னா என்னை மவனேன்னு கூப்பிடாதீங்க."

ஆத்திரத்தில் வாய் விட்ட வார்த்தைதான், ஆனால் வார்த்தை வார்த்தைதானே? ஷப்னம் வாயைப் பொத்திக்கொண்டாள். அய்யூப் எழுந்து போனார். மறுநாள் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு மரப்பலகை வந்து உட்கார்ந்திருந்தது. நன்றாக இழைத்து, துடைத்து, ஆள் அமரத் தயாராக இருந்தது.

பண்ணையில் அவன் உழைத்த உழைப்பைச் சொல்லாமல் விட்டால் பாவம். மேல் பர்மாச் சந்தைகளில் நாள் கணக்காக அலைந்து பதினெட்டுக் காளைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தவன் அவன்தான். பல்லைப் பிடித்து வயசு பார்ப்பான். விலாத் தோலைக் கொத்தாக அள்ளிப் பார்ப்பான். தோல் தளர்ந்திருந்தால்தான் உள்ளே சதை வைக்க இடம் இருக்கும். எலும்பு துருத்திக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை, அகன்ற வாயும் அகன்ற நெஞ்சும் வேண்டும். கொழுத்த மாட்டை வாங்கிவந்து கொழுக்க வைக்க நாம் எதற்கு என்பான். லாரியில் வந்து இறங்கியவற்றை முதலில் தண்ணீரும் வைக்கோலும் கொடுத்துப் படுக்கவிட்டான். அப்புறம் புழு மருந்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தவிடு, எள்ளுப் பிண்ணாக்கு, கரும்புப் பாகு. வாரம் ஒரு முறை ஒவ்வொரு காளையின் நெஞ்சைச் சுற்றியும் நாடா பிடித்து அளப்பான். ஷப்னத்தின் தையல் நாடா காணாமல் போனது அப்படித்தான். நாடாவில் ஒரு விரற்கடை கூடிவிட்டால் போதும், மனுஷன் அன்றைக்குப் பசுந்தாங்கில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சிரித்துக்கொண்டு இறங்குவான்.

காளைகளில் ஒன்று செவலை. ஒரு கொம்பு பாதியில் உடைந்தது. தீவனம் வந்தால் மற்றதுகளை முட்டித் தள்ளிவிட்டுத் தானே இரண்டு பங்கு தின்னும் ராட்சசன். சர்ஃபராஸ் கொட்டகைக்குள் நடந்தால் கட்டுக்கயிறு எட்டுகிற வரை பின்னாலேயே வரும். மாட்டுக்குப் பெயர் வைக்கக் கூடாது, வைத்தால் கத்தி வைக்க முடியாது என்பது அய்யூப் வீட்டுச் சட்டம். "செவலைங்கிறது பேரு இல்லை, நெறம்" என்று ஷப்னத்திடம் சாதிப்பான். "ஆமா, ஆமா, நெறம்தான். தூக்கத்துல கூப்பிடறீங்களே அந்த நெறத்தை!" என்பாள் அவள்.

கோடை தொடங்கியபோது அமீர் அலி தமிழ்நாட்டிலிருந்து ஒரு மாட்டு டாக்டரை வரவழைத்தார். நாமக்கல் பக்கத்துக்காரர், பெயர் தங்கமணி. தடித்த மீசை, அதற்குப் பொருந்தாத மெல்லிய குரல். வந்த அன்றே காளைகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க சர்ஃபராஸ், இதை யாருங்க தேர்ந்தெடுத்தது? கண்ணு இருக்குதுங்க உங்களுக்கு" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், சர்ஃபராஸ் அவர் பின்னால் வால் பிடித்துத் திரிய ஆரம்பித்தான். வெளிநாட்டில் இதற்கென்றே காலேஜ் இருக்கிறதாம். தீவனத்துக்கு ஒருவர், இனவிருத்திக்கு ஒருவர், மேய்ச்சல் நிலத்துக்கு ஒருவர் என்று படித்துப் பட்டம் வாங்கி வருவார்களாம். "ஆயிரம் மாட்டுப் பண்ணைக்கு மேனேஜர்னா அங்க கலெக்டர் மாதிரிங்க" என்றார் டாக்டர். அதை அப்படியே வீட்டில் வந்து சொன்னான். "கலெக்டர் சார், காலைக் கழுவிட்டு உள்ள வாங்க" என்றாள் ஷப்னம்.

இரண்டு பேருக்கும் பேச்சு ஓயாது. நாள் முழுக்கப் பர்மியப் பேச்சிலேயே புழங்குகிறவனுக்கு வாய் நிறையத் தமிழ் பேச ஓர் ஆள் கிடைத்தது. டாக்டருக்கோ அந்நிய ஊரில் வந்து இறங்கியதும் பாஷை தெரிந்த ஓர் ஆள் கிடைத்தது. ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரிகிறதா என்று இரண்டு பேருமே ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. எப்படிச் சந்தேகம் வரும்? இரண்டும் தமிழ்தானே!

பக்ரீத்துக்கு முன்னால் காளைகள் இன்னும் ஒரு சுற்றுச் சதை போட வேண்டும். அதற்கு டாக்டர் தீவனத்தில் யூரியா சேர்த்தார். ஆமாம், வயலுக்குப் போடுகிற அதே உர உப்புதான். மாட்டின் வயிற்றுக்குள் இருக்கிற நுண்ணுயிர்கள் அதைத் தின்று சத்தாக மாற்றிவிடும். அளவாக இருந்தால் சத்து. அளவு மிஞ்சினால் அதுவே விஷம். பண்ணைக்கென்று வாங்கிய தராசு துறைமுகத்தில் கிடக்கிறது, வந்தபாடில்லை. அதனால் இரண்டு வாரம் டாக்டரே தன் டம்ளரால் அளந்து, சின்ன அளவில் போட்டுப் பழக்கினார். அப்புறம் தின்ஜான் வந்தது. ரங்கூனே தண்ணீரில் மிதக்கிற புத்தாண்டுத் திருவிழா. கடைகண்ணி எல்லாம் மூடிவிடுவார்கள், ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். டாக்டரை அமீர் அலி தன் வீட்டில் வந்து தங்கச் சொல்லிவிட்டார். கிளம்புகிற அவசரத்தில் டாக்டர் சர்ஃபராஸைக் கூப்பிட்டார்.

"பழகிருச்சுங்க. நாளைலேருந்து முழு அளவுக்கு ஏத்திக்கலாம். பதினெட்டு மாட்டுக்கும் கலக்கற கலவைக்கு ஒரு படி யூரியா. தராசு வர்ற வரைக்கும் படிக் கணக்குப் போதும்."

சர்ஃபராஸ் சும்மா தலையாட்டுகிறவன் இல்லை. விளையாட்டுக் காரியமில்லை என்று அவனுக்குத் தெரியும். "குவிச்சா, தலை தட்டியா?" என்று கேட்டான்.

"நல்லாக் கேட்டீங்க! தலை தட்டித்தானுங்க. ஒரு பிடி கூடிரக் கூடாது."

மறுநாள் விடிந்ததும் பண்ணையில் சர்ஃபராஸும் கோ தான் மவுங் என்ற பர்மியத் தொழிலாளியும் மட்டும்தான். முந்தின சாயங்காலம் ஆட்கள் கிளம்புகிற அமளியில் தீவனம் அரைகுறையாக விழுந்திருந்தது. காளைகள் பசியில் தொட்டியை முட்டிக்கொண்டிருந்தன. சர்ஃபராஸ் தகரப் படியை எடுத்து யூரியாவை அள்ளி, உள்ளங்கையால் மேலே வழித்து, கோணாமல் மாணாமல் தலை தட்டினான். ஒரு பருக்கை அதிகமில்லை. தவிட்டோடும் பாகோடும் பிசைந்து தொட்டியில் கொட்டினார்கள். செவலை வழக்கம்போல அண்டையில் நின்ற இரண்டைத் தள்ளிவிட்டு வாயை உள்ளே விட்டது. "பாருங்க ஸயா, மந்திரி மாதிரி திங்கிறான்" என்று சிரித்தான் கோ தான் மவுங்.

ஒரு மணி நேரம் ஆகியிருக்காது. முதலில் ஒரு கறுப்புக் காளை பல்லை நறநறவென்று கடித்தது. வாயில் நுரை வந்தது. தோல் முழுக்கச் சில்லென்று ஒரு நடுக்கம் ஓடியது. சர்ஃபராஸ் பக்கத்தில் போவதற்குள் அது தள்ளாடி முன்னங்கால் மடங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தால் இன்னொன்று, அதற்கப்பால் இன்னொன்று. இடது வயிறு உப்பிக்கொண்டே வந்தது. சர்ஃபராஸ் எதிரே இருந்த அரிசி ஆலைக்கு ஓடினான். காவல்காரனைக் கெஞ்சி டெலிபோனை எடுத்து லத்தாவில் அமீர் அலி வீட்டுக்குச் சுழற்றினான்.

டாக்டரின் மெல்லிய குரல் அன்றைக்கு ஓலமாக இருந்தது. "வினிகர்! வினிகர் ஊத்துங்க, பச்சைத் தண்ணியோட! எவ்வளவு கெடைச்சாலும் ஊத்துங்க! நான் வந்துர்றேன். ஏனுங்க, எவ்வளவு போட்டீங்க?"

"நீங்க சொன்ன ஒரு படிதான் டாக்டர். தலை தட்டி."

"பின்ன எப்படிங்க?" என்றார் அவர். போன் அறுந்துவிட்டது.

தின்ஜான் அன்றைக்கு வினிகர் எங்கே கிடைக்கும்? மற்ற ஆளாக இருந்தால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பான். நம் ஆளுக்கு உட்காரத் தெரியாதே! பண்ணையின் பழைய வேனை எடுத்துக்கொண்டு மிங்கலாடோன் மார்க்கெட்டுக்குப் பறந்தான். எல்லாக் கடையும் சாத்தியிருந்தது. தெருமுனைக்குத் தெருமுனை மேடை போட்டு, குழாய் பிடித்து, வருகிறவன் போகிறவன் மேலெல்லாம் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். வேனை நிறுத்திச் சன்னல் வழியே ஒரு வாளித் தண்ணீரை முகத்தில் ஊற்றி, "புத்தாண்டு வாழ்த்து!" என்றாள் ஒரு பெண். "என் மாடெல்லாம் சாகுதும்மா!" என்று அவன் பர்மியத்தில் அலறினான். குடித்திருக்கிறான் என்று நினைத்து இன்னொரு வாளி ஊற்றினார்கள்.

அப்போதுதான் அவனுக்குப் பொறி தட்டியது. கௌஸ்வேக் கடை! நூடுல்ஸ் மேல் வினிகர் ஊற்றாத சீனக் கடை ரங்கூனில் உண்டா? மார்க்கெட்டுக்குப் பின்னால் கடை வைத்திருந்த சீனக் கிழவரின் வீட்டுக் கதவைப் போய் இடித்தான். சொட்டச் சொட்ட நனைந்தபடி, லுங்கியை ஏற்றிக் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்க, "வினிகர்" என்று ஒருவன் வந்து நின்றால் அந்த மனிதர் என்ன நினைப்பார்! ஆனாலும் நல்லவர். காரணம் கேட்கவில்லை. உள்ளேயிருந்து இரண்டு பெரிய கேன்களை உருட்டிவந்து வேனில் ஏற்றிவிட்டார். அவன் அன்று ஓடிய ஓட்டம் மட்டும் இல்லாவிட்டால் பதினெட்டில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. எத்தனையோ வருஷம் வீணாக ஓடிய கால் அன்றைக்குத்தான் உருப்படியாக ஓடியது.

அவன் திரும்பி வருவதற்குள் மூன்று காளைகள் செத்துவிட்டிருந்தன. கோ தான் மவுங் அழுதுகொண்டே ஒன்றன் தலையைத் தூக்கிப் பிடித்திருந்தான். சர்ஃபராஸ் அழவில்லை, அழ நேரமில்லை. பாட்டிலில் வினிகரையும் தண்ணீரையும் கலந்து, மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தலையை உயர்த்தி, கடைவாயில் மெல்ல மெல்ல ஊற்றினான். ஒன்று முடிந்தால் அடுத்தது. இருமினால் நிறுத்தி, மறுபடி ஊற்றி. நின்றுகொண்டிருந்தவை ஏப்பம் விட ஆரம்பித்தன. ஒவ்வொரு நாற்ற ஏப்பத்துக்கும் அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

டாக்டர் ஒரு வாடகைக் காரில் வந்து குதித்தார். நேராகத் தீவன அறைக்குள் போனார். "படி எங்கீங்க?" என்றார். சர்ஃபராஸ் தகரப் படியை நீட்டினான். டாக்டர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுவாங்க படி?"

"ஆமா. எட்டுப் பால் டின் ஒரு படி. பர்மாக்காரங்க பியிம்பாங்க, நாங்க படிம்போம்."

"ஐயோ, எங்கூர்ல எட்டு ஆழாக்கு ஒரு படிங்க! பால் டின்னு எங்க, ஆழாக்கு எங்க! இது எங்கூர்ப் படியில ஒண்ணரைக்கு மேல இருக்குதுங்க" என்று தலையில் அடித்துக்கொண்டார் டாக்டர்.

அங்கேதான் பிசகு. ரங்கூன் தமிழன், பாட்டன் கப்பலை விட்டு இறங்கிய நாளிலிருந்து பர்மாக்காரனின் பியியைத்தான் படி என்று சொல்லி வந்திருக்கிறான். சொல் கடலைத் தாண்டி வந்துவிட்டது. அளவு அங்கேயே தங்கிவிட்டது. டாக்டர் சொன்னதும் படி, அவன் போட்டதும் படி. யாரைப் போய் நோவது? கொதிக்கிறது எனக்கு. எவ்வளவு ஒழுங்காகக் கேட்டான், குவிச்சா, தலை தட்டியா என்று! கேட்க வேண்டிய கேள்வி அதில்லை என்று எவனுக்குத் தெரியும்?

அப்போது தடாலென்று ஒரு சத்தம். செவலை விழுந்துவிட்டது. இரண்டு பங்கு தின்றவன் அல்லவா, இரண்டு பங்கு விஷமும் அவனுக்குத்தான். வயிறு பானையாக உப்பி, கால்கள் விறைத்துப் பக்கவாட்டில் கிடந்தது. டாக்டர் அதன் வாய் வழியே குழாயை இறக்கி வயிற்றுக் காற்றை வெளியேற்றினார். சர்ஃபராஸ் மிச்சமிருந்த வினிகரை ஊற்றினான். மூன்று பேருமாகத் தம் பிடித்து அதைப் புரட்டி, நெஞ்சு கீழே இருக்கும்படி நிமிர்த்தினார்கள்.

"இப்படியே இருக்கணும். சாஞ்சுதுன்னா வாயு ஏறி மூச்சு அடைச்சிரும். யாராச்சும் முட்டுக் குடுக்கணுமுங்க" என்றார் டாக்டர்.

தவிட்டு மூட்டையை வைத்துப் பார்த்தார்கள், சரிந்தது. இரண்டு மூட்டை வைத்தார்கள், அதுவும் சரிந்தது. சர்ஃபராஸ் போய் அதன் தோளுக்கும் கொட்டகைத் தூணுக்கும் நடுவில் நுழைந்தான். சாணியிலும் நுரையிலும் தரையோடு தரையாக உட்கார்ந்து, முதுகை மாட்டுக்குக் கொடுத்து, இரண்டு காலையும் தூணில் ஊன்றிக்கொண்டான். மாட்டின் முழுக் கனமும் அவன் மேல் இறங்கியது. டாக்டர் மற்றவற்றைப் பார்க்கப் போனார். வெயில் ஏறியது. ஈ மொய்த்தது. தூரத்தில் தின்ஜான் பாட்டு ஒலித்துக்கொண்டே இருந்தது. முதுகுக்குப் பின்னால் அந்தப் பெரிய மூச்சு சில சமயம் வரும், சில சமயம் வராமல் நின்று அவன் நெஞ்சையும் நிறுத்திவிட்டு அப்புறம் வரும். அவனுக்கு எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. எங்கேயாவது, எதற்காகவாவது, சும்மாவாவது. கால் துடித்தது. ஆனால் அவன் அசையவில்லை.

பிற்பகலில் அமீர் அலியின் கார் வந்தது. அவரோடு அய்யூபும் இறங்கினார், கையில் துணி சுற்றிய கத்தியோடு. பசுந்தாங்கில் நிறுத்தி அவரை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார் முதலாளி. அமீர் அலி செத்துக் கிடந்த மூன்றையும் பார்த்தார். முகம் இறுகிவிட்டது. டாக்டர் குறுக்கே வந்து, "நான் படின்னு சொன்னேனுங்க, அவர் படிதான் போட்டார். தப்பு என்னோடதுங்க" என்று விளக்க ஆரம்பித்தார்.

"உங்க படிக் கதை அப்புறம் கேக்குறேன்" என்று அவரை ஒதுக்கிவிட்டுச் செவலையின் அருகே வந்தார் அமீர் அலி. "காக்கா, உசுரு இருக்கும்போதே பிஸ்மில்லா சொல்லி அறுத்துடுங்க. உப்புக்கண்டம் போட்டாவது தேத்திக்கலாம். செத்துச்சுன்னா குழிதான். ஏய், எந்திரிடா."

"எந்திரிச்சா சாஞ்சிரும் முதலாளி" என்றான் சர்ஃபராஸ்.

"சாயட்டும். அறுக்கப் போற மாடு சாஞ்சா என்ன, நிமிந்தா என்ன?"

"பொழைச்சுக்கும் முதலாளி. மூச்சு வருது. எனக்குத் தெரியுது, முதுகுல தெரியுது."

"எந்திரிக்கலேன்னா இன்னையோட உனக்கு இங்க வேலை இல்லை. நல்லா யோசிச்சுக்க."

அவன் யோசித்தான். யோசிக்காமல் என்ன! அந்த மரப்பலகை கண் முன்னால் வந்து நின்றது. இழைத்து, துடைத்து, அவனுக்காகவே காத்திருக்கிற பலகை. இப்போது எழுந்துவிட்டால் முதலாளி நாளைக்கு மனம் இரங்கலாம். எழாவிட்டால் பலகைதான், ஆயுள் முழுக்க. போதாக்குறைக்கு இந்த மாடு செத்துத் தொலைத்தால் எதுவுமே இல்லை. அவன் அண்ணாந்து தந்தையைப் பார்த்தான். மகன் இங்கே தோற்க வேண்டும் என்று ஆசைப்பட யாருக்காவது நியாயம் இருந்ததென்றால் அது அவருக்குத்தான். கத்தியும் அவர் கையில்தான் இருந்தது. "வாப்பா" என்றான்.

அய்யூப் மாட்டைப் பார்க்கவில்லை. மகனையே பார்த்துக்கொண்டு நின்றார். சாணியில் ஊறிய லுங்கி, தூணில் ஊன்றிய கால், ஈ மொய்க்கிற முகம். "எவ்வளவு நேரமா இப்படி உக்கார்ந்திருக்கான்?" என்று டாக்டரிடம் கேட்டார்.

"காலைலேருந்துங்க. தண்ணிகூடக் குடிக்கலைங்க."

"அசையவே இல்லையா?"

"அசையலைங்க."

கிழவர் கத்தியின் துணியை இன்னும் இறுக்கிச் சுற்றினார். முடிச்சுப் போட்டார். அப்புறம் அமீர் அலியைப் பார்த்து, கடையில் பெரிய மனிதர்களிடம் பேசுகிற பணிவான குரலில் சொன்னார்.

"மேனேஜர் உக்கார்ந்திருக்காரு முதலாளி. எழுப்பாதீங்க."

சர்ஃபராஸ் முகத்தை மாட்டின் கழுத்தில் புதைத்துக்கொண்டான். காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது, குலுங்கிக் குலுங்கி வந்தது. அமீர் அலி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அய்யூப் அதற்குள் பிடித்துக்கொண்ட முழங்காலை ஒரு வழியாக மடக்கி, மகனுக்குப் பக்கத்தில் சாணியில் உட்கார்ந்து, தன் தோளையும் மாட்டுக்குக் கொடுத்துவிட்டார். இரண்டு பேரையும் மாட்டையும் பார்த்துவிட்டு முதலாளி முணுமுணுத்தபடி காருக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஆனால் காரைக் கிளப்பவில்லை.

வெயில் சாய்கிற நேரத்தில் செவலைக்குள் எங்கோ ஆழத்தில் கடகடவென்று ஓர் உருட்டல் கேட்டது. அடுத்த கணம் சர்ஃபராஸின் முகத்துக்கு நேரே ஒரு ஏப்பம் விட்டது பாருங்கள், அப்படியொரு நாற்றத்தை அவன் வாழ்நாளில் முகர்ந்ததில்லை. "அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் அய்யூப், மூக்கைப் பொத்திக்கொண்டு. செவலை காதை ஆட்டியது. பின்னங்காலை உதறியது. பின்னால் ஒரு முட்டு, முன்னால் ஒரு முட்டு, தள்ளாடித் தள்ளாடி எழுந்து நின்று, ஒன்றுமே நடக்காத மாதிரி தண்ணீர்த் தொட்டியை நோக்கி நடந்தது.

அமீர் அலி காரை விட்டு இறங்கி வந்தார். அது மூக்கை முக்கித் தண்ணீர் குடிப்பதை வெகுநேரம் பார்த்தார். மிச்சமிருந்தவை வைக்கோலைக் கொறித்துக்கொண்டிருந்தன. "அந்தத் தகர டின்னை மொதல்ல தூக்கி எறி. தராசு வர்ற வரைக்கும் இந்தப் பண்ணையில எவனும் படின்னு வாயைத் திறக்கக் கூடாது" என்றார். இரண்டடி போனவர் திரும்பி, "காதுல விழுந்துச்சா, மேனேஜர்?" என்றார்.

"சரிங்க முதலாளி" என்று சர்ஃபராஸ் துள்ளி எழப் பார்த்தான். முடியவில்லை. இடுப்புக்குக் கீழே கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை, அப்படி மரத்துப்போயிருந்தது. கையை ஊன்றி இன்னொரு முறை முயன்றான். மாடு எழுந்துவிட்டது, அவனால்தான் எழ முடியவில்லை.

அய்யூப் அவன் தோளில் கை வைத்து அழுத்தினார்.

"உக்காரு மவனே" என்றார். "இப்ப என்ன அவசரம்?"